ஓரத்து இரண்டு நிரைகள்

முப்பத்திரண்டு வயதில் ஓய்வுபெற்றுவிட்டேன் என்று சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். அதற்குச் சரியான சொல் வேறாக இருக்கலாம். நடந்தது இதுதான்: ஒரு வைன் பண்ணையின் நிலவறையில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். கந்தகப் புகை என் நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கந்தகம் இல்லாத நிலவறை இல்லை என்பதால், தொழிலையே விடச் சொல்லிவிட்டார் மருத்துவர். போன வசந்தத்தில் விடைபெற்றுக்கொண்டு ஜேர்மனியின் எசன் நகருக்கு, அம்மாவிடம், திரும்பி வந்தேன்.

வந்ததிலிருந்து இங்குள்ள நம் தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "அக்கா, லபோரில அவுஸ்பில்டுங் பயிற்சி செய்தால் உங்களை மாதிரி வைனுக்குப் போகலாமோ?" "வெள்ளைக்காரற்ற குடும்பத் தோட்டத்தில வேலை செய்யிறது கஷ்டமில்லையோ?" ஒரு குறும்புக்காரி கேட்டாள்: "குடிக்கிறதுக்கே சம்பளம் தந்தவையாமே?" அவளுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்புவோம். துப்பப் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது. எச்சில் துப்புகிற பிள்ளையை நல்ல பிள்ளை என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். எண்பதுகளின் நடுவில், இலங்கையிலிருந்து கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய கூட்டத்தில் அம்மாவின் கையைப் பிடித்திருந்த சிறுமிகளில் நானும் ஒருத்தி. எசனில் பள்ளிக்கூடம், பிறகு லபோரில், அதாவது இரசாயன ஆய்வுகூடத்தில், பயிற்சி. சாயத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் இரண்டு வருடம் ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து அலுத்துப்போனபோது, பிஃபால்ஸில் இயற்கை முறையில் திராட்சை வளர்க்கும் ஒரு குடும்பம் சோதனைகள் தெரிந்த ஆள் தேடுவதாகப் பத்திரிகையில் பார்த்தேன். எழுதிப் போட்டேன். வரச் சொன்னார்கள்.

பிஃபால்ஸ், பிராங்பேர்ட்டுக்குத் தெற்கே, பிரெஞ்சு எல்லைக்குக் கிட்ட இருக்கிறது. மற்ற இடங்களில் பனி கிடக்கும்போதே அங்கே பாதாம் மரங்கள் பூத்துவிடும். முற்றங்களில் அத்தி பழுக்கும். ஜேர்மன்காரர் அதைத் தங்கள் இத்தாலி என்பார்கள். நான் வேலைக்குப் போன பண்ணை சிவப்பு மணற்கல்லால் கட்டியது. ஐந்தாவது தலைமுறையாக அதே குடும்பம். அக்கா கரினுக்கு நிலவறை, தம்பி ஊவெக்குத் தோட்டம் என்று பொறுப்பைப் பிரித்திருந்தார்கள். தோட்டத்தில் இரசாயன மருந்து அடிப்பதை நிறுத்தியவர் அவர்களுடைய தகப்பன். அந்தக் காலத்தில் ஊரே சிரித்ததாம். நிறுத்திய முதல் துண்டு நிலம் சரிவின் நடுவில் இருந்த, ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் பழைய கொடிகள். அதிலிருந்து வரும் வைனை ஒரு தொட்டியில் தனியாக வைப்பார்கள், வேறு எதனோடும் கலக்கமாட்டார்கள்.

என் வேலையில் மூன்று பகுதிகள் இருந்தன: அளப்பது, கழுவுவது, காத்திருப்பது. அளப்பது சொற்ப நேரம். திராட்சைச் சாற்றில் கண்ணாடி மிதவையை விட்டு இனிப்பைப் பார்ப்பது, புளிப்பைப் பார்ப்பது, வைனில் எவ்வளவு கந்தகம் மிஞ்சியிருக்கிறது என்று அயடினைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீலம் நிலைக்கும்வரை பார்ப்பது. இயற்கை முறைப் பண்ணை என்றால் கந்தகம் குறைவாகத்தான் சேர்க்கலாம். அதனால் அந்த நீலத்தை நாங்கள் மிகவும் கவனமாகப் பார்ப்போம். கழுவுவதற்குத்தான் நாளின் பெரும்பகுதி போகும். தொட்டி, குழாய், வடி, தரை, மறுபடி தொட்டி. பிள்ளைகளே, வைன் தொழில் என்பது முக்கால்வாசி தண்ணீர்.

காத்திருப்பதைக் கரினிடம் பார்த்தேன். சாறு நொதிக்கும் காலத்தில் நிலவறையில் மூச்சடைக்கும் வாயு தேங்கும். அதை அளக்கக் கருவி இருந்தது, நான்தான் வாங்க வைத்தேன். கரின் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு மெழுகுதிரியையும் ஏற்றிக்கொள்வார். படியில் இறங்கும்போது திரியை முழங்கால் உயரத்தில் பிடிப்பார். சுடர் சோர்ந்தால் உடனே திரும்பி ஏறிவிடுவார். சோராவிட்டால் ஒவ்வொரு தொட்டியிலும் காதை வைத்துக் கேட்பார். பிறகு "ஸோ" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு நன்றாகப் போகிறது, பொறுத்துப் பார்ப்போம், ஊவெயைக் கூப்பிடு என்று குறைந்தது மூன்று பொருள் உண்டு. எது என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஊவெ வந்தால் மட்டும் கரின் வேறு ஆள். சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே வந்தாலும் ஏச்சு, கதவைத் திறந்தபடி விட்டுப் போனாலும் ஏச்சு. அந்த ஊர்ப் பேச்சில் ஏசும்போது சொற்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும், எனக்குப் பாதிதான் விளங்கும். ஊவெ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். எங்களோடு, அதாவது வேலைக்கு வந்தவர்களோடு, கரின் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. நான் ஒரு குழாயைப் பூட்டாமல் விட்டு வைன் தரையில் ஓடியபோதுகூட "பரவாயில்லை, துடைப்பம்" என்றுதான் சொன்னார்.

அம்மா அந்தப் பண்ணைக்கு வந்தது என் மூன்றாவது இலையுதிர்காலத்தில். எசனில் அலுவலகங்கள் கூட்டித் துடைக்கும் வேலை அம்மாவுக்கு. விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தவர், திராட்சை வெட்ட ஆள் போதாமல் ஊவெ திண்டாடுவதைப் பார்த்தார்.

"உதென்ன பெரிய வேலையே? ஒரு கத்தரிக்கோல் தரச் சொல்லு."

அடுத்த வருடம் கூட்டாளி மல்லிகா அக்காவையும் இன்னும் நாலைந்து பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. வருடத்து விடுமுறையை அம்மா அறுவடைக்கென்றே எடுத்து வைப்பார். எசனில் யாராவது விசாரித்தால் "மகளின்ர தோட்டத்துக்குப் போறம்" என்பார். வைன் என்ற சொல் அம்மாவின் வாயில் வராது. பண்ணை தரும் உருளைக்கிழங்கு சூப்பில் மல்லிகா அக்கா மிளகாய்த்தூள் போடுவா. ஊவெயும் கிண்ணத்தை நீட்டுவார். "போடுங்கோ, போடுங்கோ, அழட்டும்" என்று பெண்கள் சிரிப்பார்கள். கரின் அம்மாவின் பெயரை யாரிடமோ கேட்டுப் பழகி, யோகேஸ்வரி என்று ஓர் எழுத்து விடாமல் கூப்பிடுவார். எசனில் அம்மா வேலை செய்த இடத்தில் எவரும் அதற்கு மினக்கெட்டதில்லை.

இனி, சொல்ல வந்த விஷயம்.

அம்மா வெட்ட வரத் தொடங்கிய நாலாவது வருடம், கோடை முழுக்க மழை. மழை என்றால் கொடிகளில் பூஞ்சணம். எங்களுக்கு அனுமதிக்கப்பட்டது கொஞ்சம் செம்பு மருந்தும் கந்தகத் தூளும்தான். அடித்த மறுநாளே மழை கழுவிக்கொண்டு போய்விடும். பழைய ரீஸ்லிங் துண்டுக்கு மேற்குப் பக்கத்துத் தோட்டம் வேறொருவருடையது. அவர் சாதாரண முறைக்காரர். பாவம், அவரும் தன் கொடிகளைக் காப்பாற்றத்தான் பார்த்தார். காற்று வீசும் நாட்களிலும் இரசாயன மருந்தடித்தார், அது எங்கள் ஓரத்துக் கொடிகளிலும் படியும். இப்படிப்பட்ட இடத்தில் இயற்கை முறைப் பண்ணைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அயல் தோட்டத்தை ஒட்டிய ஓர நிரைகளை மற்றவற்றோடு சேர்த்து வெட்டுவதில்லை. கடைசியாக, வேறு பெட்டிகளில் வெட்டி, சாதாரணத் திராட்சையாக வெளியே கொடுத்துவிடுவார்கள். எங்களுக்கு அப்படி இரண்டு நிரைகள் இருந்தன; அம்மாவின் கூட்டம் எசனுக்குத் திரும்பிய பிறகுதான் அவற்றை வெட்டுவோம். அவற்றின் கீழ்முனைக் கட்டைகளில் கரின் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தார்.

அம்மாவின் கூட்டம் வந்த அன்று வெயில் வந்தது. நாலாம் நாள் பழைய துண்டில் அழுகியதை வெட்டி எறிந்து, நல்ல குலைகளை மட்டும் எடுக்கும் நுணுக்கமான வேலை. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஊவெ ஒரு ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு பண்ணைக்கு வந்தார். மற்றது மேல் பாதையில் நின்றது. பெண்கள் சாப்பாட்டை விரைவில் முடித்துவிட்டு மேல் பாதையில் காலாறினார்கள். அங்கே இரண்டு நிரைகளில் பழம் அப்படியே தொங்குவதைக் கண்டார்கள். மேல்முனையில் நாடா இல்லை.

பிறகு மல்லிகா அக்கா எனக்குச் சொன்னா: "உன்ர அம்மாதான் சொன்னவா, பாவம் கரின், மழையால மண்டை குழம்பி மறந்துபோனா போல கிடக்கு, ஊவெ திரும்பி வாறதுக்குள்ள முடிச்சுக் காட்டுவம் எண்டு. நாங்கள் ஓட்டப் போட்டி மாதிரி வெட்டினனாங்கள்."

வெட்டியதை அங்கே நின்ற ட்ரெய்லரின் தொட்டிகளிலேயே, பழைய ரீஸ்லிங்கின் மேலேயே கொட்டினார்கள்.

நான் கரினோடு பிழியும் இயந்திரத்தடியில் நின்றேன். இரண்டாவது ட்ரெய்லரும் வந்து, தொட்டிகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. இந்த மழை வருடத்தில் இவ்வளவு பழம் எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் பெண்கள் நடந்து வந்து சேர்ந்தார்கள். அம்மாவின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"பிள்ளை, உங்கட முதலாளியம்மா மறந்துபோன ரெண்டு நிரையையும் முடிச்சுப் போட்டம். ஓரத்தில நிண்டது. சொல்லு அவவுக்கு!"

நான் கரினிடம் சொன்னேன். வேறெப்படிச் சொல்வது? அப்படியே சொன்னேன். கரின் கையை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினார். சாறு வடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

அம்மாவுக்கு மொழிபெயர்த்துப் பழகியதால், கரினும் ஊவெயும் பேசியது எனக்கு இப்போதும் எங்கள் வீட்டுத் தமிழில்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஊவெ சொன்னார்: "கலந்தது கொஞ்சம். மழை எல்லாத்தையும் கழுவியிருக்கும். எந்த லபோராலயும் கண்டுபிடிக்கேலாது. தனு, நீ சொல்லு."

தனு நான்தான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அநேகமாகக் கண்டுபிடிக்கேலாது."

"கேட்டியே?" என்றார் ஊவெ அக்காவிடம்.

"கேட்டன்," என்றார் கரின். "அப்ப வருஷா வருஷம் அந்த ரெண்டு நிரையையும் ஏன் மினக்கெட்டுத் தனியா வெட்டுறம்? அடுத்த வருஷமும் சேர்த்து வெட்டு. அதுக்கடுத்த வருஷமும் வெட்டு."

ஊவெ ஒரு வெறும் பெட்டியை உதைத்தார். கரின் பதிலுக்கு ஏசத் தொடங்கினார்: கீழே மட்டும் நாடா கட்டினது நான், மேலே ஆக்கள் நிக்கேக்க ட்ரெய்லரைத் தனிய விட்டது நீ, உனக்குத் தலை தொப்பி போடுறதுக்கு மட்டுமோ? கத்தி முடித்ததும் போத்தலில் ஒட்டும் "இயற்கை முறையில் விளைந்த திராட்சையிலிருந்து" என்ற வரி அந்த வருடம் பழைய ரீஸ்லிங்கில் இருக்காது என்று முடிவாகிவிட்டது. தகப்பன் மருந்தை நிறுத்திய நாள் முதல் அந்த வரி இல்லாமல் அந்த வைன் வெளியே போனதில்லை. வழக்கமாகத் தொட்டியின் மேல் சோக்கால் நிலத்தின் பெயரை எழுதும் கரின், அன்று "ரீஸ்லிங்" என்று மட்டும் எழுதினார். இயற்கை முறைச் சான்று தரும் பரிசோதகருக்குத் தானே தொலைபேசியில் சொன்னார்.

அம்மா இதையெல்லாம் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சொல் விளங்காவிட்டாலும் முகம் விளங்கும்.

"என்ன பிள்ளை, பிழையோ?"

கரின் என்னைத் தடுத்தார். "முதல் நன்றி சொல்லு. உதவி செய்ய நினைச்சதுக்கு நன்றி எண்டு சொல்லு. பிறகு மற்றதைச் சொல்லு. கோபமில்லை எண்டும் சொல்லு."

அந்த ஒழுங்கிலேயே சொன்னேன். அம்மா கரினைப் பார்த்துத் தலையாட்டினார். கையுறையைக் கழற்றினார். கத்தரிக்கோலைக் கழுவித் துணியால் துடைத்து, மேசையில் வைத்தார். மறுநாள் காலை ரயிலில் எல்லோரும் எசனுக்குப் போய்விட்டார்கள். இன்னும் மூன்று நாள் வேலை மிச்சமிருந்தது.

அடுத்த வருடம் ஆகஸ்டில் கரின் கேட்டார், அம்மா எந்தக் கிழமை வருகிறார் என்று. நான் தொலைபேசியில் விசாரித்தேன்.

"எனக்கு நாரி ஏலாது பிள்ளை."

"கூட்டித் துடைக்க மட்டும் ஏலுமோ?"

"அது வேற நாரி."

கரினிடம் முதுகு நோவாம் என்றேன். "ஸோ" என்றார். முகத்தைப் பார்த்தேன், நான் அறிந்த மூன்று பொருளில் ஒன்றும் அதில் இல்லை.

எனக்குக் கவலையாக இருந்தது. அம்மா எசனில் வேலைக்கும் வீட்டுக்குமாக நடந்தார், கோவில் திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை. மல்லிகா அக்காவும் வரமாட்டேன் என்றா; யோகக்கா வராமல் என்னெண்டு நாங்கள் வாறது என்று கேட்டா. அந்தப் பெண்களுக்கு வருடத்தில் வீட்டையும் வேலையையும் விட்டு வெளியே வரக் கிடைத்தது அந்த ஒரு கிழமைதான். அதுவும் போய்விட்டது.

செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரின் பண்ணையின் வான் வண்டியை எடுத்தார். "எசனுக்குப் போவம். நீ பாதை சொல்லு." பெரிய நகரங்களில் வாகனம் ஓட்ட அவருக்குப் பயம். எசனைச் சுற்றியுள்ள ரூர் பகுதி முழுக்க வலப்பக்கப் பாதையிலேயே, லொறிகளுக்குப் பின்னால், சுக்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டினார்.

அம்மா கதவைத் திறந்து திகைத்துப்போனார். உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி வைத்து, வடை சுடப் போனவரை நான் பிடித்து உட்கார வைத்தேன். கரின் தயார் செய்துகொண்டு வந்ததைப் பேசினார். நாடாவை இனி இரண்டு முனையிலும் கட்டுவோம், அது எங்கள் கவலையீனம், உங்களில் பிழையில்லை, உங்கள் கூட்டத்தைப் போல வேகமாகவும் சுத்தமாகவும் வெட்டும் ஆட்கள் கிடையாது. நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார்.

"நாரி நோகுது எண்டு சொல்லு," என்றார் கடைசியில்.

சொன்னேன். கரின் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அம்மா, வேறு யாரையோ பற்றி விசாரிப்பது போலக் கேட்டார்:

"அந்த வைனுக்கு என்ன நடந்தது?"

அம்மா வைன் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கரின் சொன்னார்: "வித்தாச்சு. பேரில்லாமல், பிராங்பேர்ட்டில ஒரு றெஸ்டோரண்ட் முழுக்க எடுத்தது. திறமான வைன். அந்த மழையிலயும் அப்பிடி ஒண்டு. அதுதான் எனக்கு நெஞ்சு எரியுது."

மொழிபெயர்த்தேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நெஞ்சு எரியுதோ? அப்ப அண்டைக்கு ஏன் கோபமில்லை எண்டவா? கேள் பிள்ளை அவவை. தம்பிக்கு அந்த ஏச்சு ஏசினவா, நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான். அவன் செய்தது கால்வாசிப் பிழை. மிச்சம் நான் செய்தது. எனக்கு நன்றியாம். எசனில என்ர வேலையிலயும் இப்பிடித்தான், பிழை விட்டால் சிரிச்சு நன்றி சொல்லுவினம், அடுத்த மாசம் வேற ஆளை எடுப்பினம். வீட்டு ஆக்களைத்தானே ஏசுறது? நாலு வருஷம் அங்க வெட்டினனான். ஒரு ஏச்சுக்கு எனக்கு உரிமையில்லையோ?"

இதை எப்படி ஜேர்மனில் சொல்வது என்று நான் சற்றுத் தயங்கினேன். பிறகு ஒன்றையும் மழுப்பாமல் முழுவதையும் சொன்னேன். கரினின் காது சிவந்தது. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"இப்ப ஏசலாமோ?" என்று கேட்டார்.

"ஏசட்டும்," என்றார் அம்மா.

கரின் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத் தொடங்கினார். முதலில் பள்ளிக்கூட ஜேர்மனில், மெதுவாக. பிறகு அவரையறியாமல் ஊர்ப் பேச்சுக்குத் தாவினார். கேட்காமல் வெட்டியது, கொட்டியது, தகப்பனின் கொடி, அந்த நாசமாய்ப் போன மழை, சொல்லாமல் கொள்ளாமல் காலை ரயிலில் ஓடியது, மூன்று நாள் ஆளில்லாமல் தானே கத்தரிக்கோல் தூக்கியது, பிறகு இந்த வருடம் நாரி நாரி என்று பொய்! சொற்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. மேசையில் ஓங்கி ஓர் அடியும் விழுந்தது. நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சற்றுக் குனிந்து, கடைசிவரை கேட்டார்.

கரினுக்கு மூச்சு வாங்கியது. கண்களும் கலங்கியிருந்தன.

"தேத்தண்ணி ஆறுது, குடிக்கச் சொல்லு," என்றார் அம்மா. பிறகு, குசினிக்கு எழும்பிக்கொண்டே, "இந்த முறை வெட்டு எப்பத் துவங்குதாம்? மல்லிகாவுக்கு இப்பவே சொன்னால்தான் அவள் லீவு எடுப்பாள்."